சயாம் வழியாக வந்த அண்ணன்

அந்த ஆள் கையில் அள்ளிய காயைத் திரும்பத் தட்டிலேயே போட்டார்.

ஏலக் கூடத்தில் அப்போது நாற்பத்தொரு பேர் இருந்தோம். எண்ணுவது என் வியாதி என்று இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நாற்பத்தொரு பேரும் அதைப் பார்த்தோம். விலை கூறிக்கொண்டிருந்தவர் பாதி எண்ணில் நிறுத்திவிட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதிலென்ன குற்றம் என்று தோன்றும். போடியில் ஏலக்காய் வாங்க வருகிறவர், சாம்பிள் தட்டில் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். நகத்தால் ஒன்றிரண்டை உரித்து, முகர்ந்து, விதையைக் கடித்துப் பார்ப்பார். மிச்சத்தைத் தரையில் கொட்டிவிடுவார். தட்டில் திரும்பப் போடுவது கிடையாது. ஒருகாலத்தில் சிலர் மட்டமான காயை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவந்து, நல்ல காயோடு கலந்துவிட்டு, "இதுக்கா இந்த விலை?" என்று கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்து, அள்ளினால் தரைக்குத்தான். மதியத்துக்குள் கூடமே பச்சையாகிவிடும். நடந்தால் காலடியில் மொறுமொறுக்கும்.

"கையக் காட்டச் சொல்லுங்கப்பா" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அந்த ஆள் நம் பக்கத்து முகமல்ல. மணிப்பூர் என்றார் ஒருவர். சீனா என்றார் இன்னொருவர். ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், என் முதலாளி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு ஏலக்காய் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த மேனேஜர் நான்.

முதலில் தட்டை எடுத்துப்போய் ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டி, ஒவ்வொரு காயாகப் புரட்டினேன். எல்லாம் நம் காய்தான். ஒன்றுகூட வேறாக இல்லை. அது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. கலக்கவில்லை என்றால் எதற்காகத் திரும்பப் போட்டார்?

பெயர் சோம்சாய்

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெயர் சோம்சாய். ஊர் தாய்லாந்தில், கம்போடிய எல்லையை ஒட்டி. மிளகு வியாபாரம். கொச்சிக்கு வியாபாரமாக வந்தவர், அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். அவர்கள் ஊர்ச் சந்தையில் சாம்பிளைத் திரும்பத் தட்டில் வைப்பதுதான் மரியாதையாம். தரையில் கொட்டினால் விற்பவன் அடிக்க வருவானாம்.

ஏலக்காய் வாங்க அவர் வரவில்லை. காதர் என்ற பெயருள்ள ஒரு தமிழரைத் தேடி வந்திருக்கிறார். ஊர் பெயர் போடி, அங்கே ஏலக்காய் விற்பார்கள் என்ற இரண்டு அடையாளம்தான் அவரிடம் இருந்தது. அதனால் நேராக ஏலக்காய் விற்கிற இடத்துக்கு வந்துவிட்டார்.

"காதர் சம்சாரத்தோட அண்ணன் உயிரோட இருக்காராம்" என்று நான் மொழிபெயர்த்தபோது கூடத்தில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அந்த வருஷங்களில் குவாத்திமாலா என்ற நாட்டில் ஏலக்காய் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்ற பேச்சு வந்து, எங்கள் எல்லோரையும் மிரட்டியிருந்தது. அந்நியன் ஒருவன் போடிக்கு வந்தால் நாற்றுத் திருடத்தான் வருவான் என்பது எங்கள் முடிவு.

காதர் மாமா

காதர் மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் சாதி மதம் பார்க்காமல் முறை வைத்துக் கூப்பிடுவோம். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். அவர் மனைவி ஆமினா என்னை அண்ணே என்பார். முறை சரியாக வருகிறதா என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்துத் தோற்றவன்.

மீசை முளைக்கும் வயதில் போடியிலிருந்து யாரோ உறவினரோடு போய்க் கப்பலேறி, சைகோன், புனோம்பென் என்று ஜவுளிக் கடைகளில் நின்று, கடைசியில் கம்போடியாவின் பத்தம்பாங் என்ற ஊரில் சொந்தமாகத் துணிக்கடை போட்டவர் மாமா. ஆமினா அந்த ஊர்க்காரர். அங்கேயும் நம்மவர்களைப் போலத் தொழுகிற முஸ்லிம்கள் உண்டு. அவருடைய தகப்பனாருக்கு ஏலக்காய் வியாபாரம்.

அங்கே ஏது ஏலக்காய் என்று நான் முதலில் சிரித்தேன். மாமா ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். வெள்ளையாக, உருண்டையாக, கொண்டைக்கடலையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கடித்தால் கற்பூர வாடை. பிறகு நான் அட்லஸில் தேடினேன். ஏலமலை என்ற பெயரில் உலகப் படத்தில் இரண்டு மலைத்தொடர்கள் கண்டேன். ஒன்று என் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரிவது. இன்னொன்று கம்போடியாவிலிருந்து சயாம் என்று நாங்கள் சொல்லும் தாய்லாந்தின் எல்லை வரை போவது.

இரண்டு நாட்டுப் பகை

சயாமுக்கும் கம்போடியாவுக்கும் என்ன தகராறு என்று, இப்போது போடியில் துணிக்கடை வைத்திருக்கிற மாமாவிடம் கேட்டால் கடையை எடுத்துவைக்கிற நேரம் தாண்டிவிடும்.

பத்தம்பாங் நூறு வருஷத்துக்கு மேல் சயாம்காரன் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் வந்து அதைக் கம்போடியாவுக்கு வாங்கிக் கொடுத்தான். உலக யுத்தத்தில் சயாம்காரன் மறுபடி எடுத்துக்கொண்டான். யுத்தம் முடிந்ததும் மறுபடி திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். ஆமினாவின் தகப்பனார் வீட்டை விட்டு நகராமலே நாடு மாறியவர்.

எல்லையில், மலை உச்சியில் ஒரு பழைய சிவன் கோயில். அதற்கும் இரண்டு நாடும் சண்டை. வெளிநாட்டுக் கோர்ட்டு கம்போடியாவுக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னது. சயாம் ராணுவம் தன் கொடியை இறக்க மனமில்லாமல், கொடி பறக்கிற கம்பத்தையே பிடுங்கித் தூக்கிக்கொண்டு மலை இறங்கியதாம். இதைச் சொல்லும்போது மாமா சிரிப்பார். ஆமினா சிரிக்கமாட்டார்.

அவர் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. எழுபதுகளின் நடுவில் கம்போடியாவில் ஆட்சி கவிழ்ந்து, ஊர் ஊராக ஜனங்களைக் காட்டுக்கு விரட்டியபோது, மாமா, ஆமினா, அவருடைய அண்ணன் யூசுப் மூவரும் எல்லைப் பாலத்துக்கு ஓடினார்கள். மாமாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. மனைவி என்பதால் ஆமினாவையும் விட்டார்கள். யூசுப்பிடம் ஒரு காகிதமும் இல்லை. சயாம் சிப்பாய் அவரை ஓரமாக நிற்கச் சொன்னான். விடிந்து போய்ப் பார்த்தால் அந்த ஓரத்தில் யாருமே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ரேடியோவில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். நான் எந்தக் கணக்கையும் ஆமினா காதில் விழ விட்டதில்லை.

பூட்டிய கதவு

சோம்சாயை மாமா வீட்டுக்கு நான்தான் அழைத்துப் போனேன். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வீடு. சயாம்காரர் என்ற சொல் காதில் விழுந்ததுமே ஆமினா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

வாசலில் நின்றே பேசினோம். சோம்சாய் சொன்ன விஷயம் இது. எல்லையில் அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கே அவர் காய்கறி லோடு கொண்டுபோகிறவர். யூசுப் என்று ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டு, தங்கை பெயர் ஆமினா, மச்சான் பெயர் காதர், ஊர் போடி என்று சொல்லியிருக்கிறார். உரிமை கோர உறவினர் இல்லாதவர்களை மழை முடிந்ததும் எல்லைக்கு அப்பால் திருப்பி அனுப்பப்போவதாகப் பேச்சு. காதர் நேரில் வந்து, இவர் என் மச்சான் என்று அதிகாரி முன்னால் சொன்னால் கூட்டிவந்துவிடலாம்.

அப்படித் திருப்பி அனுப்புவதை நாங்கள் ரேடியோவில் கேட்டிருந்தோம். அந்தக் கோயில் மலை உச்சியிலிருந்து, கண்ணிவெடி புதைத்த சரிவில், துப்பாக்கியைக் காட்டி இறங்கச் சொன்னார்களாம்.

மாமா உடனே சட்டையை மாட்டிக்கொள்கிற ஆள். நான் தடுத்தேன். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கடல் தாண்டி வந்து ஊர் ஊராகத் தேடுவாரா, அதுவும் சயாம்காரர் கம்போடியாக்காரருக்காக என்று கேட்டேன். உள்ளேயிருந்து ஆமினாவின் குரல் வந்தது. தமிழில்தான், எங்களுக்காக.

"அண்ணே, சயாம்காரன் வாங்கிட்டுப் போவான். திருப்பிக் கொண்டாந்து விடமாட்டான். இவுகளையும் குடுத்துட்டு நான் என்ன செய்ய?"

ஆமினா இரண்டு நாள் யோசிக்கட்டும் என்று மாமா சொன்னார்.

போடிமெட்டுக்கு ஒரு ஜீப்

அந்த இரண்டு நாளும் விருந்தாளியை என் கண்ணிலேயே வைத்திருக்கும்படி முதலாளி உத்தரவிட்டார். "எஸ்டேட்டக் காட்டு. ஆனா கையையே பாத்துக்கிட்டு இரு. ஒரு கிழங்கு, ஒரு தட்டை போயிறக் கூடாது" என்றார். ஏலச் செடியின் தட்டையை, அதாவது தண்டை, வேர்க்கிழங்கோடு பிரித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும்.

தோட்டக்கூலிப் பெண்கள் பதினோரு பேர் நெருக்கியடித்த ஜீப்பில், முன்னால் நாங்கள் இருவர். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் அவர் கையைத்தான் பார்த்தேன். அந்தக் கைகள் முன்கம்பியை விடாமல் பிடித்திருந்தன.

போடிமெட்டில் தமிழ்நாட்டுச் சாவடி ஒன்று, கொஞ்சம் தள்ளிக் கேரளச் சாவடி ஒன்று. கேரளப் போலீஸ்காரர் ஜீப்புக்குள் குனிந்து, எங்கிருந்து என்று மலையாளத்தில் கேட்டார்: "எவிடுன்னா?"

"சயாம்" என்றேன்.

"அது ஏது எஸ்டேட்டு?" என்று கேட்டார் அவர். கூலிப் பெண்கள் சூரியநெல்லிப் பக்கம் வரை சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

சோம்சாய் இதுதான் எல்லையா, சிப்பாய்கள் எங்கே என்று கேட்டார். மொழி பார்த்து மாநிலம் பிரித்த காலத்தில் இந்த மலைகள் யாருக்கு என்று இங்கேயும் மனக்கசப்பு வந்ததையும், அது இன்னும் முழுதாகப் போகவில்லை என்பதையும் சொன்னேன். ஏலக்காய் ஏற்றிய வண்டியை இரண்டு பக்கமும் சந்தேகத்தோடுதான் திறந்து பார்ப்பார்கள் என்றேன். அவர் அந்த இரண்டு சாவடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கள் ஏலமலையில் செடிகளுக்கு நடுவே வெடி புதைத்திருக்கிறார்கள் என்றும், காய் பொறுக்கப் போகிறவர்கள் மாட்டை முன்னால் விட்டுப் பின்னால் போகிறார்கள் என்றும் சொன்னார்.

தோட்டத்தில் அவர் ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறங்கும்போது அவருடைய பையையும் ஒரு சாக்குச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். இரண்டு சட்டை, ஒரு துண்டு, சோப்பு.

திரும்பி வந்ததும் மூடிய கதவுக்கு முன்னால் மறுபடி நின்றோம். ஆமினா உள்ளேயிருந்து சயாம் பேச்சில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சோம்சாய் தணிந்த குரலில் பதில் சொன்னார். மாமா என் காதில் சொன்னார்: "நீ ஏன் இதுக்கு அலையிறன்னு கேக்குறா. இவரு ஆத்தாவும் பத்தம்பாங்காம், மாப்ளே. சயாம்காரன் கையில ஊர் இருந்தப்பக் கட்டிக்கிட்டு வந்ததாம். அவுக ஊர்ல இத வெளிய சொல்றதில்லயாம்."

கதவு திறந்தது. ஆமினா யாரையும் பார்க்கவில்லை. மாமாவின் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தார். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. தாயின் ஊர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

முப்பத்தாறாவது ஆள்

மழைக்காலம் முழுக்க, சோம்சாயோடு போன மாமாவிடமிருந்து ஒரு தந்தி மட்டும் வந்தது: பொறு. ஆமினா துணிக்கடையைத் தானே திறந்து தானே அடைத்தார். என்னைக் கண்டால், "போனவுகளும் வரலண்ணே" என்பார். மாமாவைத் தடுத்து இரண்டு நாளைக் கெடுத்தவன் நான் என்ற நினைப்பு ஒரு பக்கம். என் சந்தேகம்தான் சரியாகிவிட்டதோ என்ற பயம் ஒரு பக்கம்.

ஒருநாள் சாயந்திரம் மதுரை பஸ்சில் வருகிறார்கள் என்று தெரிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். இறங்கியவர்களை எண்ணினேன். முப்பத்தைந்தாவது மாமா. முப்பத்தாறாவது ஆள் மெலிந்து, தோள் கூனி, கையில் ஒரு துணி மூட்டையோடு படியிலேயே நின்றார்.

ஆமினா அவரைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

பிறகு ஆமினா நடந்து போய், அவர் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு, தங்கள் பேச்சில் ஒரு சொல் சொன்னார். அண்ணன் என்று அர்த்தமாம். அந்த ஆள் கம்பியைப் பிடித்தபடி அழுதார். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார். ஆமினா அழவில்லை. ஆறு வருஷம் பிரிந்திருந்த தங்கை அழாமல் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொட்டியடியில்

வெளிநாட்டு ஆள் என்பதால் போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நான் போட்டேன். எங்கள் ஏலக்காய்க் கடையிலேயே காய் தரம் பிரிக்கிற சோலியும் கொடுத்தேன். ஏலக்காய் வியாபாரியின் மகன் அல்லவா? ஆனால் அவர் பெருங்காய், சிறுகாய் பிரிக்கத் தெரியாமல் மற்றவர்களின் கையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அங்கே வேறு காய், இங்கே வேறு காய் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பக்கமாகப் போனேன். தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவுகிற தொட்டியடியில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆள் வாய் கொப்பளித்தால் இவரும் கொப்பளித்தார். அவர் முழங்கையைக் கழுவினால் இவரும் முழங்கையைக் கழுவினார். பார்த்து, பிறகு செய்தார். ஒவ்வொன்றும் ஒரு நொடி பிந்தியது.

மாமாவைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். அந்த ஆட்சி இருந்த நாலு வருஷமும் அங்கே தொழவே விடவில்லை, மறந்துவிட்டார் என்றார் மாமா. பிறந்ததிலிருந்து செய்தது நாலு வருஷத்தில் மறக்குமா என்றேன். அவர் ஒரு துணியை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அவரில்ல, மாப்ளே" என்றார் கடைசியில்.

மாமா சொன்னது இது. முகாமில் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் இந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பார்த்ததுமே, இது யூசுப் இல்லை என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் இரண்டு சிப்பாய்கள். வெளியே, திருப்பி அனுப்பப்போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி. இவர்தானா உன் மச்சான் என்று அதிகாரி கேட்டார். மாமா ஆமாம் என்றார்.

"சோம்சாய்க்குத் தெரியுமா?"

"அது அவருக்கும் அல்லாவுக்கும்தான் வெளிச்சம்."

"ஆமினாவுக்கு?"

"பஸ்டாண்டுலயே தெரிஞ்சிருக்கும். நானும் சொல்லல. அவளும் கேக்கல. மூணு வேளையும் அண்ணன்னு கூப்பிட்டுச் சோறு போடுறா."

எனக்குத் தூக்கம் போயிற்று. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டவன் நான். யூசுப்பின் பெயர், தங்கையின் பெயர், போடி என்ற ஊரின் பெயர், இத்தனையும் இந்த ஆளுக்கு எப்படிக் கிடைத்தது? யூசுப் தானாகச் சொன்னாரா? சொல்லிவிட்டு எங்கே போனார்? அல்லது செத்துக் கிடந்தவரிடமிருந்து இவர் எடுத்துக்கொண்டாரா? அந்த நாட்டில் அந்த நாலு வருஷத்தில் யார் யாரை என்ன செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒரே கூரையின் கீழ் ஒரு பெண்ணும் இந்த ஆளும்.

மாமா சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்த ஒரு பகலில் துணிக்கடைக்குப் போனேன். ஆமினா யாரோ ஒரு கிழவருக்கு வேட்டி காட்டிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். ஆமினா வேட்டிகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

இந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று தெரியாமல் எப்படி வீட்டில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அண்ணன் பெயர் எப்படிக் கிடைத்தது என்று ஒருநாளாவது அவரிடம் கேட்டாயா என்றேன். நீ கேட்கவில்லை என்றால் நான் கேட்கிறேன், இன்றைக்கே கேட்கிறேன் என்று கொஞ்சம் குரலையும் உயர்த்தினேன்.

ஆமினா கல்லாப் பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தெருவில் எங்கள் கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே அந்த ஆள் மூட்டையைத் தலையில் வாங்கிக்கொண்டிருந்தார்.

"கேக்காதீகண்ணே" என்றார். "கேட்டா சொல்லிருவாரு."